பேச்சு நின்றுபோன வீடுகள்

வாசுதேவநல்லூர் பக்கத்தில் இரண்டு குடும்பங்களைப் பற்றி “அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் காரணத்தைத் துருவுவதில்லை. புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் காரணங்கள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவை. கிணற்றில் முறைத் தண்ணீர், சீவிக்கொண்டே போன வரப்பு, பொதுச்சுவர், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, திரும்பி வராத கைமாற்று, கல்யாண வீட்டில் தாய்மாமனுக்குக் கிடைக்காத மரியாதை. பேச்சு ஒருமுறை நின்றால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள், சண்டை எதற்கென்று தெரியாமலே பகையை மட்டும் சொத்தாக வாங்கிக்கொள்வார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரே கோயிலுக்குப் போய், ஒரே திருவிருந்தில் கை நீட்டிய இருவர், ஆராதனை முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பது திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் அரிதான காட்சியல்ல. அசனப் பந்தியில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்பதை வைத்தே யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று உள்ளூர்க்காரர் சொல்லிவிடுவார். இவர்களை மாய்மாலக்காரர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமல்ல. பெரும்பாலானவர்கள் வேதம் சொன்னபடிதான் நடக்கிறோம் என்று மனதார நம்புகிறார்கள். கைநீட்டவில்லை, பழி வாங்கவில்லை, கேஸ் போடவில்லை; ஒதுங்கிக்கொண்டோம், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது அவர்கள் வாதம்.

ஒதுங்கிக்கொள்வதைப் பொறுமை என்று எண்ணுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. சுவிசேஷத்தைக் கவனமாக வாசித்தால், மனத்தாங்கல் வந்தவர்களுக்கு அது கொடுக்கும் முதல் கட்டளை எழுந்து நடப்பதுதான்.

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இதை இரண்டு இடங்களில் பேசுகிறார். மலைப்பிரசங்கத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குத் தன்மேல் சகோதரன் ஒருவனுக்குக் குறை உண்டென்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய், அவனோடு ஒப்புரவான பிறகு வந்து செலுத்தும்படி சொல்கிறார். இதை முதலில் கேட்டவர்கள் கலிலேயாவின் மீனவர்களும் விவசாயிகளும். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கலிலேயாவிலிருந்து மூன்று நாள் நடை. அவ்வளவு தூரம் வந்தவன் திரும்ப ஊருக்குப் போய், மனத்தாங்கலைத் தீர்த்துவிட்டு, மறுபடியும் அவ்வளவு தூரம் நடந்து வரவேண்டும். சொன்னவர் அந்தச் சிரமத்தை அறியாமல் சொல்லவில்லை.

பதினெட்டாம் அதிகாரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பேசப்படுவது தவறு செய்தவனிடம் அல்ல, தவறைச் சுமந்தவனிடம். உனக்கு விரோதமாகச் சகோதரன் தப்பு செய்தால் அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திராதே, நீ போ, நீங்கள் இருவரும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனிடமே சொல் என்பது அதன் சாரம். கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் விஷயம் சபைக்கு வரவேண்டும்.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் தப்பிக்க ஒரு வழியும் மிச்சமில்லை. குற்றவாளியும் போகவேண்டும், பாதிக்கப்பட்டவனும் போகவேண்டும். ‘அவன் முதல்ல வரட்டும்’ என்ற பேச்சுக்கு யாருடைய வாயிலும் இடமில்லை.

இந்த வரிசை இயேசுவோடு தொடங்கியதும் அல்ல. சகோதரனை உள்ளத்தில் பகைக்காமல் நேரடியாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அயலானை நேசிக்கும்படியான புகழ்பெற்ற கட்டளைக்கு முந்தைய வசனம் அது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது உபாகமத்தின் நீதிமன்ற விதி. 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில், அங்கே வாழ்ந்த யூதக் குழுவின் ஒழுங்கு விதிகளும் இருந்தன. குற்றத்தைச் சாட்சிகள் முன்பு நேரில் கண்டித்துச் சொல்லாமல் யாரும் பெருங்கூட்டத்தின் முன் வழக்காகக் கொண்டுவரக் கூடாது என்று அவையும் விதித்தன. தமிழுக்கும் இது அந்நியமல்ல. நண்பனை இடித்துரைப்பதை வள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்துக்குள்ளேயே வைத்தார். பகைக்குரிய அதிகாரத்தில் அல்ல.

ஆனால் ஊர் வழக்கம் வேறு. மனக்கசப்பு வந்ததும் அது முதலில் போய்ச் சேருவது மூன்றாமவர் காதுக்கு. பிறகு சொந்தக்காரர்களிடம், தெருவில், ஊர்க்கூட்டத்தில். இப்போது சபையின் வாட்ஸ்அப் குழுவிலும். சம்பந்தப்பட்டவரை அது கடைசியாக அடையும்போது, ஐந்து வாய் மாறி, சொல்லாத சொல்லும் சேர்ந்து வந்திருக்கும். அவர் பதில் சொல்ல வேண்டியது ஒருவருக்கு அல்ல, ஊருக்கு. ஊர் பார்க்கும்போது தவறை ஒப்புக்கொள்வது எந்த மனிதனுக்கும் கடினம். தனியாகச் சொல் என்ற நிபந்தனை, எதிராளி மானத்தோடு திரும்பி வர ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. பதினெட்டாம் அதிகாரம் அந்த நடையின் நோக்கம் இன்னதென்றும் சொல்லிவிடுகிறது: வழக்கில் ஜெயிப்பதற்காக அல்ல, சகோதரனை ஆதாயப்படுத்துவதற்காக.

இந்த வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலித் திருச்சபையின் சொந்த வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. வாசுதேவநல்லூரையும் சங்கரன்கோவிலையும் உள்ளடக்கிய வடபகுதியில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் கூடார ஊழியம் 1854இல் தாமஸ் ராக்லண்ட் தலைமையில்தான் தொடங்கிற்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பாளையங்கோட்டைத் தாய்ச்சபை ஒரு மனிதரை முன்னிட்டு இரண்டாகப் பிளந்து ஒட்டியிருந்தது.

அந்த மனிதர் கார்ல் ரேனியஸ். 1790இல் மேற்குப் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர், லூத்தரன் மரபினர். 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தார். தமிழ் இலக்கண நூல் எழுதினார். பாளையங்கோட்டையில் 1826இல் எழும்பிய ஆலயமும், டோனாவூர் போன்ற குடியிருப்புகளும், விசுவாசிகளுக்கு நிலம் வாங்கித்தந்த தர்ம சங்கமும் அவர் காலத்தவை. திருநெல்வேலியின் அப்போஸ்தலன் என்று அவரை இன்றும் அழைப்பவர்கள் உண்டு.

அவரை அனுப்பிய சி.எம்.எஸ். ஆங்கிலிக்கன் சங்கம். பல ஆண்டுகள் அது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. சபைகள் பெருகி, உபதேசியார்களைக் குருக்களாக அபிஷேகம் செய்ய வேண்டிய நிலை வந்தபோது கேள்வி எழுந்தது. அபிஷேகம் யார் செய்வது? லூத்தரன் முறைப்படி தானும் உடனூழியரும் செய்யலாம் என்றார் ரேனியஸ். ஆங்கிலிக்கன் பேராயர்தான் செய்யவேண்டும் என்றது சங்கம். கருத்து வேறுபாடு என்ற அளவில் அது பேசித் தீர்க்கக்கூடியதாகவே இருந்தது. அந்த நேரத்தில், சென்னையிலிருந்த ஆங்கிலிக்கன் குரு ஒருவர் தம் திருச்சபையை உயர்த்தி எழுதிய நூலுக்கு ரேனியஸ் கடுமையான மறுப்புரை எழுதினார். இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பையும் வழிபாட்டு முறையையும் குறை சொன்ன அந்த எழுத்து அச்சேறிற்று. அத்துடன் விஷயம் ஒரு ஊழியருக்கும் அவருடைய சங்கத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி தெருவுக்கு வந்துவிட்டது.

லண்டன் குழு 1835இல் அவரோடு இருந்த உறவை முறித்தது. அந்தக் காலத்தில் கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். தீர்ப்புச் சொன்னவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வாய்ப்பே இல்லை. 15 ஆண்டுகள் உழைத்த ஊரைவிட்டு ரேனியஸ் அந்த ஜூன் மாதத்தில் ஆற்காட்டுக்குப் போனார்.

அங்கேயே இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் திருநெல்வேலி உபதேசியார்கள் அவரை விடவில்லை. திரும்பி வரும்படி வருந்தி அழைத்தார்கள். சில மாதங்களில் அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். அதன்பின் ஒரே ஊரில் இரண்டு மிஷன். சங்கத்தின் சார்பில் பொறுப்பேற்ற ஜார்ஜ் பெட்டிட் ஒருபுறம், ரேனியஸும் அவரோடு நின்ற ஊழியரும் மறுபுறம். கிராமத்துக்குக் கிராமம் சபை மக்கள் யார் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அபிஷேகத்தைப் பற்றிய இறையியல் கேள்வி அந்தப் பனங்காட்டு மக்களில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? அவர்களைப் பொறுத்தவரை அது தங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரா, தங்களுக்குச் சம்பளம் தரும் சங்கமா என்ற கேள்வி. பெரியவர்கள் சண்டையின் விலையைச் சின்னவர்கள் கொடுப்பது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

1838 ஜூன் 5 அன்று, 47 வயதில் ரேனியஸ் இறந்தார். பிளவும் பிறகு அதிக காலம் நீடிக்கவில்லை. அவரோடு நின்ற ஷாஃப்டர், முல்லர் போன்றோர் சி.எம்.எஸ். பணிக்கே திரும்பி, அதே மாவட்டத்தில் உழைத்தார்கள், சபைகளும் ஒன்றாயின. ரேனியஸின் வாழ்க்கை வரலாற்றை அவர் மகன் 1841இல் வெளியிட்டார். எதிர்ப்பக்கம் நின்ற பெட்டிட் 1851இல் திருநெல்வேலி மிஷனின் வரலாற்றை எழுதினார். ஒரே சண்டைக்கு இரு தரப்பும் எழுதிய இரண்டு நூல்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, இந்தப் பிளவில் கெட்ட மனிதன் என்று யாரும் இல்லை என்பது தெரிகிறது. மனதைத் துன்புறுத்துவதும் அதுதான். இருவரும் மனச்சாட்சிக்காகவே நின்றார்கள். நேரில் உட்கார்ந்து பேசவேண்டியது அச்சுத்தாளிலும் கடிதத்திலும் பேசப்பட்டது.

மனச்சாட்சிக்காக நிற்பவர்களும் பிரிய நேரிடும் என்பதைப் புதிய ஏற்பாடு மறைக்கவில்லை. மாற்குவைப் பயணத்தில் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் முறைத்துக்கொண்டு வெவ்வேறு திசையில் போனதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினைந்தாம் அதிகாரம் மழுப்பாமல் எழுதுகிறது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லார் முன்பாகவும் எதிர்த்ததைக் கலாத்தியர் நிருபத்தில் பவுலே எழுதுகிறார். அங்கே தவறும் எல்லார் முன்பாக நடந்திருந்தது. பிலிப்பியில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு ஊழியக்காரப் பெண்களின் மனத்தாங்கலைத் தீர்க்க உதவும்படி மூன்றாமவர் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். எந்தச் சண்டை என்று எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. பல ஆண்டு கழித்து எழுதிய கடைசி நிருபங்களில், ஒருகாலத்தில் வேண்டாம் என்று தள்ளிய அதே மாற்குவைத் தன்னிடம் கூட்டிவரச் சொல்கிறார். பிரிந்ததற்கும் சேர்ந்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. இருவரும் ஏறக்குறையச் சமமானவர்களாக இருந்தால்தான் ‘தனியாகப் போய்ச் சொல்’ என்பது பலிக்கும். பண்ணையாரிடம் கூலிக்காரனையும், மேலதிகாரியிடம் ஊழியனையும், அடிக்கிற கணவனிடம் மனைவியையும் தனியே அனுப்பி வைப்பது வேதத்தின் பெயரால் செய்யும் கொடுமையாகிவிடும்.

இதே திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் வட்டாரத்து அருமைநாயகம் கதை இதற்கு உதாரணம். சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அவர் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் உபதேசியார், நன்றாகப் படித்தவர். அங்கிருந்த ஐரோப்பிய மிஷனரி கெம்மரரோடு ஏற்பட்ட மோதலில் வேலையிழந்தார். அவருக்கும் மிஷனரிக்கும் இடையில் சமமாக உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கவில்லை. ஒருவர் சம்பளம் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர். ராபர்ட் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் எழுதிய திருநெல்வேலிச் சாணார்கள் பற்றிய நூல் அவர் கைக்கு எட்டியது. தம் சமூகத்தை அந்த நூல் இழிவுபடுத்துகிறது என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியரைச் சாராத தனித் திருச்சபையை அவர் தோற்றுவித்தார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று தனி வழிபாட்டு முறை கொண்ட அந்தச் சபை அவர் காலத்துக்குப் பின்னும் வாழ்ந்தது. அவரைக் கலகக்காரர் என்று எழுதிய மிஷனரிகள், அவர் குறையைக் காதுகொடுத்துக் கேட்கத் தங்கள் அமைப்பில் இடமே வைக்கவில்லை என்பதை எழுதவில்லை.

மத்தேயு பதினெட்டில் இரண்டாம், மூன்றாம் படிகள் இருப்பது இதற்காகத்தான். எளியவன் தனியாகச் சொல்லி வலியவன் கேட்காதபோது, சாட்சிகள் கூட வருகிறார்கள். அதற்கும் மேலே சபை முழுவதும் கேட்கவேண்டும். சபையே வலியவன் பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் படி உடைந்துவிடுகிறது. சமாதானம் என்ற சொல்லை வைத்து அநியாயத்தைக் கட்டிக்காத்த கோயில்களும் இந்த மண்ணில் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில், சாதிகள் தனித்தனியே உட்கார இரண்டு கூடங்கள், பீடத்தில் மட்டும் இணையும்படி கட்டப்பட்டிருந்தன, நடுவே தடுப்பு. அதனால் ஊரில் சண்டை வராமல் இருந்தது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. தனியிடம் எங்கள் உரிமை என்று ஒரு தரப்பு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சுவர் நின்ற காலத்தில் அங்கே இருந்தது அமைதி, ஒப்புரவு அல்ல.

குழந்தைகளின் பாதுகாப்பில் இந்தப் படிகளை யோசிக்கவே இடமில்லை. இதே பதினெட்டாம் அதிகாரம்தான் சிறியவர்களுக்கு இடறலாக இருப்பவனைப் பற்றி, கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் ஆழ்த்தும் அளவுக்குக் கடுமையாகப் பேசுகிறது. தனியே போய்ச் சொல்லும் வசனத்துக்கு அது சில வசனங்களே முந்தியது. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரிந்தால் காவல்துறையிடமோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கட்டாயம். குருவானவரும் மூப்பரும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ‘பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு’ என்று அவளைத் திருப்பி அனுப்பும் சேகரம், தான் வாசிக்கும் அதிகாரத்தின் முன்பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டது.

மற்ற வழக்குகளுக்கு வருவோம். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் அவிசுவாசிகளின் நீதிமன்றத்தில் வழக்காடுவதைப் பவுல் கொரிந்தியர் முதல் நிருபம் ஆறாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். ரோமானியக் குடியேற்ற நகரமான கொரிந்துவில் உரிமையியல் வழக்குத் தொடுக்கப் பணமும் அந்தஸ்தும் வேண்டும். பணக்காரன் சொல்தான் பெரும்பாலும் எடுபடும். அதனால் பவுலின் கோபம் எளியவனைக் காப்பாற்றும் கோபம் என்று படிக்கும் ஆய்வாளர்கள் உண்டு; அந்த வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது. அப்படியிருக்க, இன்றைய தமிழகத்தில் திருமண்டலத் தேர்தல்கள் உயர் நீதிமன்றப் படியேறுவதும், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்து நிர்வாகம் நடத்த வேண்டியிருப்பதும் வேதனை தருகிறது. 2023 ஜூன் மாதம் பாளையங்கோட்டைத் திருமண்டல அலுவலக வளாகத்திலேயே கைகலப்பு நடந்து, காவல்துறை வழக்குப் பதிந்தது. ரேனியஸ் நடந்த ஊர் அது.

நீதிமன்றமே பேசித் தீர்க்கும் வழியைத் திறந்துவைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் நடக்கும் லோக் அதாலத்தில் முடியும் வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இலேயே சமரச மையம் தொடங்கிற்று. நாடு முழுமைக்கும் சமரசச் சட்டம் 2023இல் வந்தது. வரப்புத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்காடும் ஒரு விசுவாசிக்கு இதுவும் ஒரு வழி. பவுல் கேட்டது, உங்களுக்குள் தீர்த்துவைக்க விவேகமுள்ள ஒருவன்கூட இல்லையா என்றுதான். அந்த விவேகி சமரச மையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் விவேகி விவேகிதான்.

எல்லாம் செய்தும் எதிராளி இறங்கி வராவிட்டால்? ரோமர் பன்னிரண்டாம் அதிகாரம் இதற்கு எல்லை கட்டுகிறது: கூடுமானவரை, உன்னாலானமட்டும். மற்றவன் மனதுக்கு நீ பொறுப்பல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 பொதுவழிபாட்டு நூலில் இதற்கு நடைமுறை விதியே உண்டு. பகையோடு இருக்கும் இருவரையும் ஒப்புரவாகும்வரை குரு திருவிருந்தில் சேர்க்கக் கூடாது. ஆனால் ஒருவர் மனதார மன்னித்து, தன் தவறையும் சரிசெய்ய முன்வந்து, மற்றவர் மட்டும் முரண்டு பிடித்தால், முன்வந்தவரைச் சேர்த்துக்கொண்டு மறுத்தவரை நிறுத்திவைக்க வேண்டும். திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபைகள் வளர்ந்தது இந்த நூலின் கீழ்தான். இன்று அந்த விதியைக் கையாளும் சேகரகுருக்கள் அரிது. கையாண்டால் வரிசையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

மன்னிப்பைப் பற்றிப் பேதுரு கேட்ட கேள்வியும் இதே பதினெட்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது. எத்தனை முறை மன்னிக்க, ஏழு முறையா? பதிலாக வரும் கதையில் ஒரு ஊழியக்காரன் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். தாலந்து ஒன்றுக்கு 6,000 தினாரி. தினாரி ஒன்று கூலிக்காரனின் ஒருநாள் சம்பளம். ஆக அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது ரத்தாகிறது. வெளியே வந்தவன் தனக்கு நூறு தினாரி தரவேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி சின்னத் தொகையல்ல. வாசுதேவநல்லூர் வயல்காட்டு வேலைக்காரருக்கு இன்றும் அது பெரிய பணம். கதை அவன் இழப்பைச் சின்னதென்று சொல்லவில்லை. ஆறு லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும் முன்னால் வைக்கிறது.

நேரில் சொல்வது எப்படியிருக்கும் என்பதற்குத் திருநெல்வேலி மண் தந்த சிறந்த உதாரணம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேடையிலும் அரங்கிலும் பெரும்பாலும் மேற்கத்திய மிஷனரிகள் நிறைந்திருக்க, அவர் எழுந்து அவர்களுடைய குறையை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், அன்பு காட்டுகிறீர்கள். ஆனால் இந்திய ஊழியரைச் சமமான நண்பராக நடத்துவதில்லை என்பது அவர் பேச்சின் உட்பொருள். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். சட்டாம்பிள்ளை சொல்ல இடம் கிடைக்காமல் பிரிந்துபோன அதே குறைதான் இது. அசரியா அதை உள்ளே நின்று, பெயர் சொல்லி யாரையும் தாக்காமல், எல்லோரும் கேட்கச் சொன்னார். இரண்டே ஆண்டுகளில், 1912இல், தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்த 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். கூட்டியவர்களில் முன்னின்றவர் அசரியா. தங்களைப் பிரித்து வைத்திருக்கும் பிளவுகள் தாங்கள் உண்டாக்கியவையல்ல என்று அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள். அதன்பின் நடந்த பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. திரும்பத் திரும்ப முட்டிக்கொண்ட இடம் ரேனியஸைப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியேற்றிய அதே கேள்வி: அபிஷேகம் யார் செய்தால் செல்லும்?

முடிவு காண அசரியா உயிரோடில்லை. 1945 ஜனவரி 1 அன்று இறந்திருந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, ஒன்றுசேர்ந்த திருச்சபைகளின் குருக்கள் யாருக்கும் மறு அபிஷேகம் வேண்டாம், எல்லோரும் ஏற்கப்பட்டவர்கள் என்று முடிவாயிற்று. இனிமேலான அபிஷேகங்கள் பேராயர் வழியே நடக்கும். ஒருவர் தோற்று மற்றவர் ஜெயித்த தீர்ப்பல்ல அது. 1950இல் வெளியான அந்தத் திருச்சபையின் வழிபாட்டு முறையில், திருவிருந்துக்கு முன் சமாதானம் கைமாறும் சடங்கும் சேர்ந்தது: ஒருவர் கையை அடுத்தவர் தம் கைகளால் பற்றி, அந்தச் சமாதானத்தை இன்னொருவருக்குக் கடத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும்.

ஐக்கிய ஒப்பந்தத்தில் ஒரு உறுதிமொழியும் எழுதப்பட்டது. மனச்சாட்சி இடம்தராத எந்தச் சபையின்மேலும், தாங்கள் ஏற்காத ஒரு குருவின் ஊழியம் திணிக்கப்படாது. அந்த உறுதியின் சோதனை உடனே வந்தது. ஆந்திரத்தின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன் சபையாரில் பெரும்பகுதியினர் ஐக்கியத்தில் சேர மறுத்துத் தனியே நின்றார்கள். பேச்சு மட்டும் நின்றுபோகவில்லை. 1975இல் நந்தியாலும் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலமானது.